பத்து மணிக்கு எழுந்து நின்றவர்

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை நிரோஷா போன் செய்தாள். நான் கடைசியாக வேலை பார்த்த சிறையில், பெண்கள் பகுதிக்குப் புதிதாக வந்த காவலர் அவள். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்ததால் நேரில் பார்த்ததில்லை.

"அக்கா, ஒரு சின்ன விசயம். புதுசா ஆள் வந்தா போமுல இருக்கிறத எல்லாம் கேட்டு எழுதுறோம். அதுக்குப் பொறகு போமுல இல்லாத கேள்வி ஒன்னையும் கேக்கச் சொல்றாங்க. வீட்டுல பால் குடிக்கிற புள்ள இருக்கான்னு. எதுக்குன்னு கேட்டா, இங்க அப்பிடித்தான்கிறாங்க. யாரு தொடங்குனதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியுமாமே?"

தெரியும் என்றேன்.

"அப்ப சொல்லுங்களேன்."

"போன்ல முடியாது. எழுதித் தாறேன்."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். ஓய்வு பெற்றபோது வீட்டுக்குக் கொண்டு வந்த ஒரே சொத்து அந்தக் கொப்பிகள்தான். நேரம், பெயர், நடந்தது என்று மூன்றையும் ஒழுங்காக எழுதுவேன். அபிப்பிராயம் எழுத மாட்டேன். நான் ஒழுங்கானவள் என்ற பெயர் சிறையில் எனக்கு இருந்தது. அந்தப் பெயரால் நடந்த பிழையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். சிறையின் பெயர் தேவையில்லை. ஊவாவில் உள்ள ஒன்று.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலையில் ஓட்டம், மத்தியானம் சட்டம், பின்னேரம் பூட்டும் சாவியும். எனக்குப் பதிந்தது ஒன்றுதான்: எண்ணிக்கை சரியாக வர வேண்டும். காலையில் திறக்கும்போது, பத்து மணிக்கு, மாலையில் பூட்டும்போது. புத்தகத்தில் இருக்கும் தொகையும் முற்றத்தில் இருக்கும் தலைகளும் ஒத்துப்போகாவிட்டால் ஒருவரும் அசையக் கூடாது. என் வேலைக்காலம் முழுவதிலும் நான் எண்ணிக்கையைத் தவறவிட்டது ஒரே ஒரு முறை.

பயிற்சி முடிந்து வந்தபோது பெண்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் சிவபாக்கியம் மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர். உயரமானவர், சத்தம் போடாதவர். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எங்களை 'நீர்' என்பார். கைதிகளை 'நீங்கள்' என்பார். மேரி அக்கா என்று பசறையில் மரக்கறி விற்ற ஒரு அம்மா கைதியாக அடிக்கடி உள்ளே வந்து போவார். அவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"பாத்தீங்களா மிஸ்ஸு, உங்களுக்கு நீரு, எங்களுக்கு நீங்க. இங்க பெரிய ஆளு நாங்கதான்."

நான் எல்லோரையும் போலக் கைதிகளை நீ, வா, போ என்றுதான் அழைத்தேன். மிஸ் அதற்காக ஒரு நாளும் என்னைத் திருத்தவில்லை. தன்பாட்டில் நீங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் சோதனை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பெண்ணையும் உடல் சோதனை செய்தே உள்ளே விடுவோம். சோதனை அறை கல் அறை, தை மாதத்தில் விறைக்கும். மிஸ் அங்கே ஒரு கேத்தல் வைத்திருந்தார். ஆள் வருகிறது என்று வாசலில் மணி அடித்ததும் தண்ணீரைச் சுடவைத்து, ஒரு தகரக் கோப்பையில் ஊற்றி, அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"எங்கட கை குளிர் கை. முதல் அதைச் சூடாக்கும்" என்றார் முதல் நாள். அவ்வளவுதான் விளக்கம்.

பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்புவார். "இப்ப உங்கட தோளைத் தொடப் போறன்." தொடுவார். "இப்ப முதுகு." தொடுவார். சொல்லாமல் எந்த இடத்தையும் தொட மாட்டார். ஒருவரையும் முழுதாக உடுப்பில்லாமல் நிறுத்த மாட்டார். மேல் பாதியைப் பார்த்து, சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, கடைசிப் பொத்தான் பூட்டும் வரை பொறுத்திருந்து, அதன் பிறகே கீழ் பாதி. கொண்டையில் புகையிலை இருந்தால் எடுத்து மேசையில் வைத்து எழுதிவிட்டு, "கொண்டையை நீங்களே கட்டுங்கோ" என்பார். சாட்சிக்கு இன்னொரு காவலர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சாட்சி கதவைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது மிஸ்ஸின் விதி. முதல் வருடம் முழுக்க அந்தச் சாட்சி நான்தான். அந்தக் கதவில் பதினேழு ஆணிகள்.

உள்ளே வரும்போது கூனிக் குறுகி வரும் பெண்கள் அந்த அறையிலிருந்து போகும்போது நிமிர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அது எப்படி நடக்கிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எப்படி விளங்கும்.

யோகலெட்சுமி வந்தது அதற்குப் பல வருடங்களுக்குப் பின். ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் 4.20. மிஸ் அன்று லீவு. பொறுப்பு என்னிடம்.

வயது இருபத்தாறு. கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவர். அவர் குடியிருந்த லயத்துக் காம்பராவில் கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், பிடிபட்டிருந்தது. காய்ச்சியது புருஷன். பொலிஸ் வந்ததும் அவன் தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டான். தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளி யோகலெட்சுமி என்பதால் காம்பரா அவர் பேரில் இருந்தது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றவரைக் கூட்டிவந்தார்கள். பிணைக்கு ஆள் இல்லை. பதினான்கு நாள் விளக்கமறியல்.

படிவத்தில், 'உடன் வந்துள்ள பிள்ளைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"கூட புள்ள இருக்கா?" என்று கேட்டேன்.

"கூட இல்லைங்க."

'இல்லை' என்று எழுதினேன்.

சோதனையும் நான்தான் செய்தேன். மிஸ்ஸின் முறைப்படி கையைச் சூடாக்கி, சொல்லித் தொட்டு, பாதி பாதியாக. சட்டைக்குள் மார்பைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"இது என்ன?"

"நெஞ்சு வலிங்க நோனா. கட்டியிருக்கேன்."

துணியின் மேலால் தடவிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது, சூடாகவும் இருந்தது. அன்றைய நாட்குறிப்பு இதோ முன்னால் இருக்கிறது: 'மார்பில் துணிக்கட்டு. வலி என்கிறார். தடைசெய்யப்பட்ட பொருள் எதுவும் இல்லை.' ஒரு சொல் பிழையில்லை. எனக்குப் பிள்ளை இல்லை என்பதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். கை தொட்டது, மூளை பொருள் தேடியது.

மறுநாள் பத்து மணி எண்ணிக்கை. பெண்கள் முற்றத்தில் நான்கு நான்கு பேராக உட்கார்ந்திருந்தார்கள். எண்ணத் தொடங்கியபோது யோகலெட்சுமி எழுந்து நின்றார்.

"ஏய், உக்காரு."

உட்கார்ந்தார். 10.02 என்று குறித்தேன். எண்ணிக்கையின்போது எழுந்தால் குறிக்க வேண்டும். மூன்றாம் முறை தண்டனை. மேரி அக்கா பின் வரிசையிலிருந்து, "என்னாடி, பத்து மணிக்கு பஸ்ஸு இருக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை மிஸ் லீவு முடிந்து வந்து அலுவலகத்தில் இருந்தார். சரியாகப் பத்துக்கு யோகலெட்சுமி மறுபடி எழுந்தார். இந்த முறை நிற்கவில்லை. முற்றத்தைக் கடந்து இரும்புக் கதவை நோக்கி வேகமாக நடந்தார். தாமதமாகிவிட்டவரின் நடை.

"எங்க போற?"

"புள்ளக் காம்பராவுக்குங்க" என்றார், வெகு இயல்பாக. சொன்ன பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். யாரோ சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடி" என்றார் மேரி அக்கா. "மிஸ்ஸு, அந்தப் புள்ள சட்டையப் பாருங்க."

சட்டையின் முன்பக்கம் இரண்டு பக்கமும் நனைந்து வயிறு வரை இறங்கியிருந்தது.

"நீங்களும் லயத்துல பொறந்தவங்கதானே மிஸ்ஸு? பத்து மணிக்கு மலையிலருந்து எறங்கி எங்க போவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தோட்டத்தில் கைக்குழந்தை உள்ள பெண்கள் காலையில் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். அங்கே ஒரு அம்மா எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். பத்து மணிக்குப் பால் கொடுக்க இறங்கி வரலாம். என் அம்மாவும் கூடையோடு அந்தப் படிகளில் இறங்கி வந்துதான் எனக்கும் தம்பிக்கும் பால் கொடுத்தார். பத்து மணிக்கு ஒரு தோட்டத்துப் பெண் எழுந்து நடந்தால் அதற்கு வேறு அர்த்தமே இல்லை. இரண்டு நாளாக அதை நேரத்தோடு குறித்துவைத்திருந்தேன்.

எண்ணிக்கையை முடித்துக் கதவைப் பூட்டிவிட்டு, படிவத்தையும் நாட்குறிப்பையும் எடுத்துக்கொண்டு மிஸ்ஸிடம் போனேன். அவர் கட்டத்தைப் பார்த்தார். 'இல்லை.'

"என்னெண்டு கேட்டனீர்?"

"கூட புள்ள இருக்கான்னு, மிஸ்."

"அவ என்ன சொன்னவ?"

"கூட இல்லைன்னு."

மிஸ் படிவத்தை மேசையில் வைத்தார். "எழுதினது சரி. கேட்டது காணாது" என்றார். பிறகு மேசையில் இருந்த வெற்றுப் படிவக் கட்டை இழுத்து, ஒவ்வொரு தாளிலும் அந்தக் கட்டத்துக்குக் கீழே பென்சிலால், 'வீட்டில் பால் குடிக்கும் பிள்ளை உண்டா?' என்று ஒரு வரி எழுதத் தொடங்கினார். முதல் தாளை எழுதி, மீதியை என் பக்கம் தள்ளினார். "நீர் எழுதும்."

நிரோஷா கேட்ட கேள்விக்கான பதில் இங்கே முடிகிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்கு மட்டும் அல்ல.

மிஸ் யோகலெட்சுமியை அழைத்துக் கதிரையில் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"எத்தினை மாசம் பிள்ளைக்கு?"

அவர் சட்டையின் நனைந்த இடத்தைக் கையால் மறைத்தார்.

"உங்கட பிள்ளையை ஒருத்தரும் எடுக்கமாட்டினம். ஏன் சொல்லேல்லை?"

யாழ்ப்பாணத் தமிழ் பாதிதான் விளங்கியிருக்கும். என்னைப் பார்த்தார். நான் எங்கள் பேச்சில் திருப்பிச் சொன்னேன். "உங்க புள்ளைய யாரும் எடுத்துக்க மாட்டாங்க." கைதி ஒருவரை நான் 'உங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. யோசித்துச் சொல்லவில்லை. மிஸ் சொன்னதைச் சொன்னேன், அது கூடவே வந்துவிட்டது.

"ஏழு மாசம்" என்றார். "பொம்பளப் புள்ள. அம்மாகாரி ஜெயிலுக்குப் போனா புள்ளய அரசாங்கம் எடுத்து ஹோமுல போட்டுரும்னு, என்னோட லொக்கப்புல இருந்த ஒருத்தவங்க சொன்னாங்க. அதான் கூட இல்லைன்னேன். பொய் சொல்லலைங்க நோனா. கூட இல்லதானே?"

"இல்லைதான்" என்றேன். நாங்கள் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருந்தோம்.

மிஸ் விதிப்புத்தகத்தை விரித்து, பால் குடிக்கும் பிள்ளையைத் தாயுடன் வைத்திருக்கலாம் என்ற இடத்தில் விரலை வைத்து வாசித்தார். நான் மொழிமாற்றினேன். யோகலெட்சுமிக்கு வாசிக்கத் தெரியும். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பித் தானே ஒரு முறை பார்த்தார்.

"கொண்டு வரச் சொல்லட்டோ?" என்று மிஸ் கேட்டார்.

"ஜெயிலுக்கா?"

"ஓம். இது நல்ல இடம் இல்லை. நான் பொய் சொல்லமாட்டன். ஆனா உங்களிட்டப் பால் இருக்கு. உங்கட பிள்ளை. நீங்கள்தான் சொல்லவேணும்."

யோகலெட்சுமி முடிவைச் சொல்லாமல் முற்றத்துக்குத் திரும்பினார். மிஸ்ஸும் வற்புறுத்தவில்லை. பால் கட்டிக் காய்ச்சல் வரத் தொடங்கியிருந்தது. மேரி அக்கா வெந்நீர் வாங்கிப்போய், துணி நனைத்து ஒற்றி, ஒரு கோப்பையில் பாலைப் பீய்ச்சி எடுக்க உதவினார். கோப்பை நிறைந்ததும் யோகலெட்சுமி வடிகாலைப் பார்த்தார்.

"அங்க ஊத்தாத" என்றார் மேரி அக்கா. "தாய்ப்பால் காலுல மிதிபடக் கூடாது. எறும்பு மொய்ச்சாலும் பால் வத்திரும்."

சீமெந்து முற்றத்தில் மண் எங்கே. அலுவலக வாசலில், மா அடைத்து வந்த ஒரு பழைய தகரத்தில் கறிவேப்பிலைக் கன்று இருந்தது. அதற்கும் முற்றத்துக்கும் இடையே கைதிகள் தாண்டக் கூடாத மஞ்சள் கோடு. இருவரும் கோட்டில் வந்து நின்றார்கள். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் எழுந்து போய்த் தகரத்தைத் தானே தூக்கிவந்து கோட்டின் அந்தப் பக்கத்தில், அவர்கள் காலடியில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

யோகலெட்சுமி குனிந்து பாலை ஊற்றினார். மண் உடனே குடித்துவிட்டது. வெற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "வரச் சொல்லுங்க" என்றார்.

அன்று பின்னேரமே பிள்ளைக் காம்பரா அம்மாவின் போன் எண்ணைத் தேடிப் பிடித்தேன். "மூனு நாளா புட்டிய வாயில வைக்க மாட்டேங்குது மிஸ். கரண்டியில கஞ்சித்தண்ணிதான். அதையும் துப்புது" என்று அழுதுகொண்டே சொன்னார். யோகலெட்சுமியின் மாமியாரைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தார்.

"பச்சப்புள்ளய ஜெயிலுல விடுறதா? எங்க வம்சத்துலேயே இல்லாத வேலை" என்றார் மாமியார்.

"காய்ச்சினது உங்க மகன் இல்லையா அம்மா?"

நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. போனில் கொஞ்ச நேரம் பிள்ளையின் சத்தம் மட்டும் கேட்டது. அழுகை என்று சொல்ல முடியாது; தொண்டை கட்டிப்போன ஒரு உரசல். பிறகு மாமியார், "மொதல் பஸ்ஸுல வாறேன்" என்றார்.

சிறை அத்தியட்சகரின் அனுமதிக் கடிதத்தை மிஸ் தன் கையால் எழுதி, விதிப்புத்தகத்தை அந்தப் பக்கத்தில் விரித்தபடி கொண்டுபோய், கையெழுத்தாகும் வரை மேசை முன்னால் நின்று வாங்கிவந்தார். திரும்பி வந்து என் நாட்குறிப்பைக் கேட்டார். புதன் 10.02, வியாழன் 10.00 என்ற இரண்டு வரிகளையும் பார்த்தார். இன்னொரு முறை எழுந்தால் தண்டனை.

"நாளைக்குப் பத்துக்கு முதல் பிள்ளை உள்ள வரவேணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை. பண்டாரவளையில் பஸ் மாறி மாமியார் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது 9.35. வாசலைத் தாண்டி வரும் யாரையும் சோதிக்க வேண்டும், கைக்குழந்தையையும். துணிக்குள் பொருள் மறைப்பது நடக்கும். மிஸ் கேத்தலைச் சுடவைத்தார். கோப்பையைப் பொத்திப் பிடித்தார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் பிடித்திருந்தார். பிறகு மேசையில் விரித்த துணியில் கிடந்த ஏழு மாதப் பிள்ளையின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"இப்ப உங்கட காலைத் தொடப் போறன், அம்மாச்சி. இப்ப வயிறு."

"புள்ளைக்கு என்னங்க நீங்க, நாங்கன்னு" என்றார் மாமியார்.

மிஸ் தன் வேலையைத் தொடர்ந்தார். மேல் பாதியைப் பார்த்து, சட்டையைப் போட்டு, பொத்தானைப் பூட்டி, அதன் பிறகு கீழ் பாதி. எத்தனையோ வருடமாக எனக்குத் தெரிந்த அதே ஒழுங்கு. அன்று நான் கதவைப் பார்க்கவில்லை.

9.50க்குப் பிள்ளையை யோகலெட்சுமியின் மடியில் வைத்தோம். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. மார்பில் வைத்தால் முதுகை வில்லாக வளைத்தது. சத்தமில்லாமல் வாயைத் திறந்து அழுதது. அவர் மாற்றி மாற்றி வைத்தார். பால் பிள்ளையின் கன்னத்தில் வழிந்ததே தவிர வாய்க்குள் போகவில்லை. "மறந்துருச்சு" என்றார். "மூனு நாளுல மறந்துருச்சு நோனா."

பத்து மணி அடித்தது.

எண்ணிக்கையை நிறுத்த முடியாது. நான் முற்றத்துக்கு வந்தேன். ஒரு கட்டளையும் கொடுக்கவில்லை. பெண்கள் தாமாகவே நான்கு நான்கு பேராக உட்கார்ந்தார்கள். யோகலெட்சுமி பிள்ளையோடு தன் வரிசைக்கு வந்து உட்காரப் போனார். உட்காராமல் நின்றார். இரண்டு நாளாகப் பத்து மணிக்கு எழுந்த அதே இடத்தில், கதவைப் பார்த்தபடி. சட்டை மறுபடி நனையத் தொடங்கியதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். நான் உட்காரச் சொல்லவில்லை.

எண்ணத் தொடங்கினேன். நான்கு, எட்டு, பன்னிரண்டு. பிள்ளை அழுவதை நிறுத்தியது. பதினாறு. அது தலையைத் திருப்பியது. யாரும் பிடித்துத் திருப்பவில்லை. கண்ணை மூடியபடியே, இடத்தைத் தெரிந்துவைத்திருந்தது போல வாயைக் கொண்டுபோய் வைத்தது. விழுங்கும் சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. பின்னால் மிஸ்ஸின் குரல் கேட்டது.

"எத்தினை?"

"தெரியல, மிஸ்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைகள் இன்னும் அந்தத் தகரக் கோப்பையைப் பிடித்திருந்தன.

"அப்ப திரும்ப எண்ணும்" என்றார். "ஆறுதலாய் எண்ணும். அவ குடிச்சு முடிக்கட்டும்."

அன்றைய நாட்குறிப்பில் அந்த நேரத்துக்கு இரண்டு வரிதான் இருக்கிறது. '10.06. குடிக்கிறது. 10.25. எண்ணிக்கை இருபத்து மூன்று பேர், ஒரு பிள்ளை. ஒருவர் நின்றபடி.'